கம்பியால் கட்டிய கூரை

விசுவமடு,
10.08.1998

அன்புள்ள ராஜினிக்கு,

உமது மே மாதக் கடிதம் போன கிழமைதான் என் கைக்கு வந்து சேர்ந்தது. உறையை இரண்டு இடத்தில் பிரித்து ஒட்டியிருந்தார்கள். எங்கள் குடும்ப விசயத்தில் இத்தனை பேருக்கு அக்கறை இருப்பதையிட்டு நாங்கள் சந்தோசப்பட வேண்டும். எனக்கு இரண்டு மாதமாகக் காய்ச்சல் இல்லை. நீரும் பிள்ளை சுமித்திராவும் வவுனியாவில் சுகமாக இருக்கிறீர்கள் என்ற எண்ணத்தில்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் விடிகிறது.

இந்தக் கடிதத்தைக் கிறிஸ்தோப்பர் கொண்டு வருகிறார். முன்வீட்டு மார்கிறட்டின் புருசன். மூன்று மாதம் அலைந்து, கண் காட்டுவதற்கு வவுனியா ஆஸ்பத்திரிக்கு வரப் பாஸ் எடுத்திருக்கிறார். அவர் திரும்பும்போது பதில் கொடுத்துவிடும். இரண்டு வரி என்றாலும் போதும்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருந்தீர். சாப்பிடுகிறேன். நிவாரண அரிசியில் கல் பொறுக்குவதற்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் இன்னும் அதே கொட்டிலில் நடக்கிறது. கனகலிங்கம் இன்னும் அதிபர். என்னிலும் எட்டு வருசம் பிந்தி வந்தவர், ஒரு பட்டம்கூட முடிக்காதவர், எனக்கு நேரசூசி போட்டுத் தருகிறார். அதிலும் மத்தியான வெயில் நேராக முகத்தில் அடிக்கிற வகுப்பைப் பார்த்துத் தருகிறார். அந்தக் கதையை எழுதத் தொடங்கினால் கடதாசி போதாது.

பெரிய செய்தி என்னவென்றால், போன மாதம் இருபத்தெட்டாம் தேதி இங்கே திரும்பவும் நெருப்புப் பிடித்தது. பயப்பட வேண்டாம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அதை உமக்கு விளங்கச் சொல்வதென்றால், நீர் போன பிறகு நடந்த சிலவற்றை முதலில் சொல்ல வேண்டும். இத்தனை கடிதங்களிலும் நான் எழுதாமல் விட்டவை அவை.

நீர் வவுனியாவுக்குப் போகும்போதே இங்கே தீயணைப்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் முத்துலிங்கம். நான் அதன் செயலாளர் என்பது உமக்குத் தெரியாது. சிரிப்பு வந்தால் சிரியும். கூட்டத்தில் அவருடைய மனைவி வீரம்மாதான் என்னுடைய பெயரைச் சொன்னார். "எழுதத் தெரிஞ்சவங்க எழுதட்டும், தண்ணி தூக்கத் தெரிஞ்சவங்க நாங்க தூக்குறோம்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அது எதை ஒப்புக்கொண்டதாக இருக்கும் என்று உமக்குத் தெரியும். ஓம் என்றேன்.

சிவப்பு லொறியையும் மணியையும் கற்பனை பண்ண வேண்டாம். எங்களிடம் இருப்பவை நுனியில் கொக்கி வைத்த இரண்டு நீளக் கொக்கத்தடி, பதினொரு வாளி, மண் நிரப்பிய உரப்பைகள், நனைத்து அடிக்கப் பழஞ்சாக்கு, ஒரு கோடரி. முதல் மாதப் பயிற்சிக்கு முத்துலிங்கம் பள்ளிக்கூடத்துத் தண்டவாளத் துண்டில் மணி அடித்தார். அடித்த அடியில் முப்பத்தெட்டு வீட்டுச் சனமும் ஓடிப்போய்ப் பங்கருக்குள் இறங்கிவிட்டது. குண்டு போடக் கிபிர் பிளேன் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். வெளியே நின்றது நாங்கள் ஏழு பேரும் பதினொரு வாளியும்தான். பங்கருக்குள் இருந்து மார்கிறட் தலையை நீட்டி, "ஐயோ மாஸ்டர், ஏன் வெளியிலை நிக்கிறியள், விழுந்து படுங்கோ!" என்று கத்தினா. மேலே பிளேன் இல்லை, நெருப்புக்குத்தான் மணி அடித்தோம் என்றேன். "அப்ப எங்கை நெருப்பு?" என்றா. நெருப்பும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு மார்கிறட் சொன்னதை எழுத முடியாது.

அன்றோடு மணியை விட்டோம். நெருப்பென்றால் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் அடிக்க வேண்டும். கேட்கிற வீடும் தன் தட்டை எடுத்து அடிக்க வேண்டும். இந்த முனையில் தொடங்கினால் ஒரு நிமிசத்துக்குள் அந்த முனைக்குச் சத்தம் போய்விடும். நானே இதை அறிவித்தல் எழுதி ஒட்டினேன்.

மாதத்தின் முதலாம் சனிக்கிழமை எங்கள் வேலை நாள். காலையில் குழு வீடு வீடாகப் போகும். குசினி வாசலில் தண்ணீர்க்குடம் நிறைந்திருக்கிறதா, சாம்பலைத் தண்ணீர் தெளித்துக் குழிக்குள் கொட்டுகிறார்களா, ஜாம் போத்தல் விளக்கு மண் தட்டில் நிற்கிறதா, கூரை கயிற்றால் கட்டியிருக்கிறதா என்று பார்க்கும். கயிறு ஏன் என்றால், பக்கத்து வீடு பற்றினால் ஒரு கத்திவீச்சில் கூரையை அறுத்து இறக்கலாம். எரிகிற வீட்டைக் காப்பாற்ற முடியாது, அடுத்த வீட்டுக் கூரையைப் பிடுங்கினால்தான் அதற்கு அடுத்த வீடுகள் தப்பும் என்பது முத்துலிங்கத்தின் பாடம். மத்தியானம் காட்டு ஓரத்தில் பற்றை வெட்டி வெளியாக்குவார்கள். பின்னேரம் ஒவ்வொரு வீடும் தென்னோலையில் புதிதாய்ப் பின்னிய இரண்டு கிடுகு கொண்டுவந்து பொதுக் குவியலில் போட வேண்டும். யாருடைய கூரையைப் பிடுங்கினாலும் அடுத்த நாளே அந்தக் குவியலிலிருந்து கூரை போட்டுக் கொடுப்பது சட்டம்.

அந்தச் சட்டமும் வீரம்மாவுடையதுதான். "கூரை போனா வேற கூரை இல்லைன்னு பயந்தா எவனும் மறிக்கத்தான் செய்வான். அவன ஏசி என்னா செய்ய? மொதல்ல கூரைய வைப்போம்" என்று கூட்டத்தில் சொன்னார். நான் அதை அப்படியே கொப்பியில் எழுதினேன். எழுதும்போது என்னுடைய காது சுட்டது. அது எனக்கென்று எறிந்த கல் என்றுதான் பத்து மாதமும் நினைத்திருந்தேன்.

உமக்கு முன்னால் ஒளிக்க என்ன இருக்கிறது? போன வருசம் ஆவணியில் மூன்றாவது கொட்டில் பற்றியபோது முத்துலிங்கம் கொக்கத்தடியோடு எங்கள் வேலிப் படலைக்குள் ஓடிவந்தார். நான் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கிளிநொச்சியில் கல்வீட்டை விட்டுவிட்டு வந்து ஒரு வருசம் ஆகவில்லை. ஒரு மனிதனுக்கு ஒரு வருசத்தில் இரண்டு வீடு போகக்கூடாது என்று, ஏதோ அதற்கும் எங்கேயோ நீதி இருக்கிறது போல, நினைத்தேன். அவர் கெஞ்சினார். மலைநாட்டிலிருந்து இருபது வருசத்துக்கு முன் அடித்துத் துரத்தப்பட்டு வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறிய மனிதரை, எங்களுக்கு இருக்க நிலம் காட்டிய மனிதரை, என்னிலும் ஏழு வயது மூத்தவரை, நான் மலைநாட்டாரைக் கீழாக்கிச் சொல்கிற அந்தச் சொல்லால் ஏசினேன். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். நீரும் சுமித்திராவும் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். பிள்ளை அன்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் அப்படியே இருக்கிறது.

எங்கள் கூரை தப்பவில்லை. எங்கள் கூரையிலிருந்து நெருப்பு இன்னும் ஐந்து வீட்டுக்குப் பாய்ந்தது. கடைசி வீடு முத்துலிங்கத்தினுடையது. விதைக்கென்று வைத்திருந்த கச்சான் கடலை மூட்டைகளும் அதற்குள் இருந்தன.

புதுக் கொட்டிலின் கூரையை நான் வேலிக் கம்பியால் முறுக்கிக் கட்டியதையும் நீர் பார்த்துக்கொண்டு நின்றீர். இனி எவனும் லேசில் பிடுங்க முடியாது என்று சொல்லிச் சொல்லிக் கட்டினேன். அன்று பின்னேரம், "அந்த மனுசனிட்டைப் போய் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு இந்தக் கூரைக்குக் கீழை நான் இருக்கிறன்" என்று மட்டும் சொன்னீர். நான் போகவில்லை. சுமித்திராவின் படிப்புக்காக நீங்கள் வவுனியாவுக்குப் போகிறீர்கள் என்று ஊருக்குச் சொன்னோம். நல்ல காரணம். ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை.

தலைவரும் செயலாளரும் பத்து மாதம் ஒரே பாயில் இருந்தோம், ஒரு சொல் பேசவில்லை. கிறிஸ்தோப்பர்தான் நடுவில் தபால்காரன். "கொப்பி முடிஞ்சுது எண்டு தலைவரிட்டைச் சொல்லும்" என்பேன். ஒரு முழம் தள்ளி இருக்கிற மனிதருக்கு. "வாங்கித் தரலாம்னு மாஸ்டருக்குச் சொல்லுங்க" என்பார் அவர். ஒருநாள் கிறிஸ்தோப்பர் பொறுமை கெட்டு, "ரெண்டு பேரும் ஆளுக்கொரு முத்திரை ஒட்டித் தாங்கோ" என்றார்.

இன்னொன்றையும் கவனித்தேன். முதலாம் சனிக்கிழமைகளில் குழு எங்கள் படலைக்கு முன்னால் வந்ததும் சத்தமில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்த நெருப்புக்குப் பிறகு முத்துலிங்கம் எங்கள் முற்றத்தில் கால் வைக்கவில்லை. தலைவர் போகாத வீட்டுக்குள் மற்றவர்களும் போகவில்லை. கூரையைக் கயிற்றால் கட்டுங்கோ என்று முப்பத்தெட்டு வீட்டுக்கும் என் கையால் அறிவித்தல் எழுதினேன். ஒரே ஒரு வீட்டுக் கூரை மட்டும் கம்பியில் நின்றது. அதை ஒருவரும் கேட்காமல் விட்டது எனக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்தேன். படித்த மனிதனின் புத்தி.

கிடுகு பின்னவும் பழகினேன். ஆள் பிடித்துப் பின்னுவிக்க எனக்கு மனம் வரவில்லை. ஓலையை ஊறவைத்துக் குந்தியிருந்து பின்னுவேன். ஒரு பக்கம் முழங்கால், மறுபக்கம் முழங்கை போல வரும். ஆனாலும் ஒரு மாதமும் தவறாமல் என்னுடைய இரண்டையும் கொண்டுபோய்ப் போட்டேன். வீரம்மா அதை எடுத்து ஒருதரம் திருப்பிப் பார்ப்பார். தனியே ஒரு பக்கம் வைப்பார்.

இனி நெருப்புக்கு வருகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாரம் மாற்றிக்கொண்டிருந்தேன். சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. கிறிஸ்தோப்பர் ஆறு நாள் கழித்து நாயாற்றுக் கடற்கரையிலிருந்து மீனோடு வந்திருந்தார். அந்தச் சந்தோசத்தில் மார்கிறட் அடுப்பைச் சுத்தமாக்கிச் சாம்பலை வேலிக்கரையில் கொட்டிவிட்டா. பிறகு குழுவில் சேர்ந்து, மாதாமாதம் மற்றவர்களின் சாம்பல் குழியைக் குனிந்து பார்க்கிற ஆள் அவா. கடற்கரைச் சனத்துக்குச் சாம்பலை எங்கே கொட்டினாலும் கீழே ஈரமணல். அந்தப் பழக்கம் கையில் இருந்திருக்கிறது. சாம்பலுக்குள் தணல் கிடந்தது. வேலி பற்றி, குசினி பற்றி, நான் வெளியே வரும்போது அவர்களின் வீட்டுக் கூரையும் பற்றிவிட்டது. தட்டுச் சத்தம் முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஒருவரும் பங்கருக்குள் போகவில்லை. கிணற்றிலிருந்து வாளிகள் கைமாறி வரத் தொடங்கின.

காற்று எங்கள் பக்கம். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு, எங்களுக்குப் பின்னால் வரிசையாக இருபத்திரண்டு வீடு.

முத்துலிங்கம் கொக்கத்தடியோடு ஓடிவந்தார். வந்த வேகத்தில் எங்கள் படலைக்கு வெளியே நின்றுவிட்டார். தலைக்கு மேலே பொறி பறக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வேறு யாருடைய வீடாக இருந்தாலும் நின்றிருக்க மாட்டார். "மாஸ்டர், நேரமில்லீங்க" என்றார். இடையில் கிறிஸ்தோப்பர் இல்லை.

ராஜினி, அந்த நேரத்திலும் என் மனம் உடனே வளைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இது மூன்றாவது வீடு என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியது. பிறகுதான் எங்கள் பின்வரிசையில் ஒரு பிள்ளை தட்டு அடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். சுமித்திராவின் வயது இருக்கும். அதே பார்வை.

நான் போய்த் தடியை அவர் கையிலிருந்து வாங்கி, என்னுடைய கூரையின் முகட்டில் நானே கொழுவி இழுத்தேன். தடி வளைந்தது. கூரை அசையவில்லை. இரண்டு பேர் வந்து என்னோடு சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை. கத்தியோடு ஏறிய கிறிஸ்தோப்பர் மேலே இருந்து, "மாஸ்டர், என்ன கோதாரிக்கு இதைக் கம்பியாலை கட்டினனீர்!" என்று கத்தினார். முழு ஊருக்கும் கேட்டது.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "முத்துலிங்கம் அண்ணை, உள்ளுக்கு வாங்கோ! நான் கட்டின கம்பி, அறாது. என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ!" என்றேன். அவர் படலைக்குள் வந்தார். ஒரு தரம் மேலே பார்த்தார். "கூரைய விடுங்க, காலை வெட்டுவோம்" என்று கோடரியை எடுத்து முன் கப்பு இரண்டையும் அடியில் வெட்டினார். நான் உள்ளே நின்று கூரையைத் தாங்குகிற வளையில் கயிறு கட்டினேன். எல்லோரும் சேர்ந்து இழுக்க, கூரை முழுதாகக் கவிழ்ந்து முற்றத்தில் இருந்தது, ஒரு பெரிய கோழிக்கூடை போல. அதன் மேல் தண்ணீரும் மண்ணும். பொறிகள் வந்து வந்து அதில் விழுந்து செத்தன. நெருப்பு மார்கிறட் வீட்டோடு நின்றது. இருபத்திரண்டு வீட்டில் ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை.

இடையில் வீரம்மா உள்ளே புகுந்து சாமான்களை வெளியே எடுத்திருக்கிறார். என் புத்தகப் பெட்டி முன்னால் இருந்தது, அதைத் தாண்டிப் போய் முதலில் உமது தையல் மெசினைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று பிறகு கேட்டேன். "அந்தப் புள்ள திரும்பி வந்தா மொதல்ல இதத்தானே தேடும்" என்றார். நீர் திரும்பி வருவீரோ என்று நான் ஒரு நாளும் அவரோடு பேசினதில்லை. அவர் அதைச் சந்தேகப்படவே இல்லை.

அடுத்த நாள் விடிய இரண்டு வீட்டுக்கும் கூரை வேலை தொடங்கியது. காட்டிலிருந்து புதுக் கப்பு வந்தது. குவியலிலிருந்து கிடுகு வந்தது. வீரம்மா பத்து மாதமாக ஒதுக்கி வைத்திருந்த என்னுடைய இருபது கோணல் கிடுகையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து என் கூரைக்காரரிடம் போட்டு, "இது மாஸ்டர் பின்னுனது, அவருக்கே ஒழுகட்டும்" என்றார். சனம் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக் கூரையில் குசினியைப் பார்த்த பக்கம் அவை இருக்கின்றன. பார்த்தால் உமக்கு உடனே தெரியும். கிறிஸ்தோப்பர் கடற்காரர் போடுகிற முடிச்சு ஒன்றை எனக்குக் காட்டித் தந்தார். எந்தப் புயலுக்கும் இறுகி நிற்கும், வாலைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் அவிழும். எங்கள் கூரை முழுவதும் இப்போது அந்த முடிச்சில் நிற்கிறது.

அன்று பின்னேரமே முத்துலிங்கத்தின் வீட்டுக்குப் போனேன். நீர் சொன்ன ஒரு வார்த்தையை ஒரு வருசமாக மனதில் பல விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன், நல்ல நல்ல வசனங்கள். அங்கே போய் இருந்ததும் ஒன்றும் வரவில்லை. வீரம்மா பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தார். பாதி குடித்த பிறகு, "அண்டைக்கு நான் சொன்ன சொல்லு பிழை. சொல்லியிருக்கக் கூடாது. உங்கடை வீடும் விதையும் என்னாலைதான் போனது" என்றேன். முத்துலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "கேட்டு வலிச்சதுதான் மாஸ்டர். இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார். எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "ஒங்க குசினிக் கூரையிலயும் கம்பி கெடக்குது. அத எப்பக் கழட்டுறீங்க?" என்றார். நாளைக்கு என்றேன். கழற்றிவிட்டேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கனகலிங்கத்தை இன்னும் மன்னிக்கவில்லை, அந்த எண்ணமும் இல்லை. ஒரு வருசத்துக்கு ஒரு ஆள் போதும்.

இந்த மாதம் முதலாம் சனிக்கிழமை குழு எங்கள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. தண்ணீர்க்குடம் குசினிக்குள் அல்ல, வாசலில் இருக்க வேண்டும் என்று செயலாளருக்கு ஒரு பிழை எழுதினார்கள். எழுதியதும் நான்தான். குசினியை வீட்டுக்காரிதான் காட்ட வேண்டும், ஆம்பிளைக்கு ஒன்றும் தெரியாது என்று வீரம்மா பேசினார். செப்டெம்பர் ஐந்தாம் தேதி திரும்பவும் வருவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் வருவார்கள்.

வாரும் என்று எழுதப் பேனை வைக்கிறேன், எழுத முடியவில்லை. பிளேன் வருகிற இடத்துக்குப் பிள்ளையைக் கூப்பிட எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? மார்கழியில் சுமித்திராவின் பரீட்சை முடியட்டும். அங்கே இருப்பதுதான் நல்லது என்று நீர் நினைத்தால் அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை நான் எழுதுகிறேன் என்பதை நீர் இரண்டு தரம் வாசித்துப் பாரும். ஆனால் நீர் கேட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டேன் என்பது உமக்குத் தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தைப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டும், ஒன்றையும் விடாமல்.

கழற்றிய கம்பியை எறியவில்லை. வளைவெடுத்து, முற்றத்தில் இரண்டு கப்பு நட்டு, அவற்றுக்கு இடையில் உடுப்புக் காயப்போடுகிற கொடியாகக் கட்டியிருக்கிறேன். நல்ல நீளம். ஒரு முனையில் என்னுடைய இரண்டு சாரமும் ஒரு சேட்டும் கிடக்கின்றன. மிச்சக் கொடி வெறுமையாக இருக்கிறது.

பிள்ளை நன்றாகப் படிக்கட்டும். உங்கள் இருவரையும் பிள்ளையார் கூட நின்று காக்கட்டும்.

இப்படிக்கு,
உமது அன்புள்ள
செல்வநாயகம்